கொழும்பில் யாரையும் தெரியாது, சிவியில் ரெபரியாக யாரைப் போடுவது?

வெற்றிலைக்கொடி (களுதாவளை)

எல்லோருக்கும் வணக்கம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படித்து முடித்துவிட்டேன், பெறுபேறும் வந்துவிட்டது. கணக்கியல் பக்கம் வேலை தேடுகிறேன். மட்டக்களப்பிலேயே கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகவும் தயார்.

சிவி எழுதியாயிற்று. கடைசியில் ‘உறவினர் அல்லாத இரண்டு ரெபரிகள்’ (கேட்டால் நம்மைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள்) என்ற இடத்தில் மட்டும் நிற்கிறேன். ஒருவர் எங்கள் விரிவுரையாளர், கேட்டேன், சம்மதித்தார். மற்றவர் யார்? ஊரில் உள்ள ஓய்வுபெற்ற அதிபரைப் போடு என்கிறார் அப்பா. அதிபர் சேர் தங்கமான மனிதர்தான். ஆனால் ஒரு கம்பனியிலிருந்து கோல் எடுத்து ‘இந்தப் பிள்ளைக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரிக்கத் தெரியுமா’ என்று கேட்டால் அவர் பாவம், என்ன சொல்வார்?

இன்னொன்று. கம்பஸில் கருத்தரங்குக்கு வந்தவர்கள் எல்லோரும் ‘நெட்வொர்க்கிங் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. லிங்க்டின் திறந்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பவர்கள் எல்லாம் என் பெட்ச் பிள்ளைகள், அவர்களும் வேலை தேடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அறிமுகமே இல்லாத ஆளுக்கு எதை எழுதித் தொடங்குவது?

கல்முனை கியூஎஸ்

தங்கச்சி, அதிபரை விடுங்கள். ரெபரி என்பவர் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். அவர் பதவி பெரிதா சிறிதா என்பது அடுத்த விஷயம். பயிலுநராக எங்கேயாவது இருந்தீர்களா? அங்கே உங்களிடம் வவுச்சர் கட்டைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னவர் யார்? அவர்தான் ஆள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கம்பஸில் ஏதாவது ஒன்றியம், இவற்றில் கணக்குப் பார்த்ததுண்டா? அந்தக் கணக்கைப் பரிசோதித்துக் கையெழுத்து வைத்தவரைப் போடலாம்.

நான் கட்டாரில் இருக்கிறேன். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று எங்கள் பக்கத்து கியூஎஸ்மாருக்கு (கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவர்களுக்கு) இங்கே குறைவில்லை. 2022 உலகக் கிண்ணக் கட்டுமானங்கள் முடிந்ததும் பலருக்கு ஒப்பந்தமும் முடிந்தது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வெற்றிட அறிவித்தலைத்தான் ஆளாளுக்குச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். எனக்கு அடுத்த வேலையைச் சொன்னவர் ஊர்க்காரர் அல்ல, ஒரு கேரளாக்காரர். முன்பு ஒரு திட்டத்தில் அவருடைய அளவீட்டுத் தாள்களைக் கொஞ்சக் காலம் சரிபார்த்துக் கொடுத்திருந்தேன். பெயரையும் வேலையையும் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைக் கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார். பொஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் நகரத்து உத்தியோகத்தர்களிடம் விசாரித்து, 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஆளால் பெற்றவர்கள் 16.7 வீதம். எப்போதாவது காணும் ஆளால் பெற்றவர்கள் 55.6 வீதம். காண்பதே அரிதான ஆளால் 27.8 வீதம். வீட்டுக்கு வந்துபோகும் ஆட்களுக்குத் தெரிந்த செய்தி உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும், அவ்வளவுதான் காரணம்.

கசப்பு மருந்து

அமெரிக்கக் கணக்கு அமெரிக்காவுக்கு. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்களே, லிங்க்டின் தெரியாததாலா அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை? சிற்றூழியர் வெற்றிடத்துக்கே அரசியல்வாதியின் கடிதத்தோடு அலைந்த ஊர் இது. அதே விளையாட்டுக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து ‘உனக்குப் பழகத் தெரியவில்லை’ என்கிறீர்கள். ஆள் இருப்பவனுக்கு வேலை, இல்லாதவனுக்குக் கருத்தரங்கு.

கோட்டமுனை ஓடிட்டர்

கசப்பு மருந்து சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. மாவட்டத்தில் வேலையே இல்லாதபோது எத்தனை பேரைத் தெரிந்து என்ன? அதை ஒத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் பேச வேண்டும். அரச பக்கத்தில் போட்டிப் பரீட்சை வைத்து எடுக்கும் இடங்களில் தொடர்புக்கு வேலை இல்லை, இருக்கவும் கூடாது. நிர்வாக சேவை, கணக்காளர் சேவைப் பரீட்சைகளுக்குக் கடந்தகால வினாத்தாள்களும் சேர்ந்து படிக்க நாலு பேரும் போதும்.

நான் சொல்வது தனியார் பக்கம். இங்கே சிறியதொரு கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறேன். எங்களைப் போன்ற இடங்கள் பெரும்பாலும் விளம்பரம் போடுவதில்லை. ஆள் தேவைப்பட்டால் முதலில் அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘உங்கள் பெட்ச்சில் யாராவது இருக்கிறார்களா’ என்று கேட்போம். அடுத்தது, தெரிந்த விரிவுரையாளர். அப்புறம் வங்கியில் உள்ளவர்கள், வாடிக்கையாளர்கள். விளம்பரம் போட்டால் சிவி குவியும், எல்லாம் ஒரே அச்சு. எல்லோரும் கடின உழைப்பாளிகள், எல்லோரும் குழுவாக வேலை செய்யக்கூடியவர்கள். காலையில் நேரத்துக்கு வருவாரா, வாடிக்கையாளரின் வருமானத்தைத் தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிடுவாரா என்று அதைப் பார்த்துத் தெரியாது. எங்கள் தொழிலில் இரண்டாவதுதான் பெரிய விஷயம், ஊர் சிறியது.

கடிதத்தோடும் வருவார்கள். வாங்கி வைத்துக்கொள்வேன். அந்தக் கடிதம் எனக்கு அறிமுகப்படுத்துவது பிள்ளையின் அப்பா யாருக்கு வாக்குச் சேர்த்தார் என்பதை. ‘சேர், இந்தப் பிள்ளை எங்கள் சங்கத்துக் கணக்கை நோண்டி நோண்டி எண்ணூறு ரூபாய் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது’ என்று ஒரு கூட்டுறவுச் சங்க முகாமையாளர் போனில் சொன்னால், அந்தப் பிள்ளையை அன்றைக்கே வரச் சொல்வேன்.

களுதாவளைப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. பட்டயக் கணக்காளர் வழியில் போகும் எண்ணம் இருந்தால், மூன்று வருடச் செயன்முறைப் பயிற்சியைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அங்கீகரித்த இடத்தில்தான் செய்ய வேண்டும். எங்கேயாவது சேருவதற்கு முன் ‘இங்கே செய்யும் காலம் பயிற்சியில் சேருமா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு வருடத்தைத் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மண்முனை அக்கா

‘எதை எழுதுவது’ என்ற கேள்விக்கு வருகிறேன். கொழும்பில் ஒரு கம்பனியில் மனிதவளப் பிரிவில் இருந்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். எனக்கு வந்த செய்திகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்:

‘ஹாய் மிஸ், வேகன்சி இருக்கா?’

அடுத்த வரியில் சிவி. இதற்கு என்ன பதில் எழுதுவது? இருக்கிறது என்றால் எந்த வேலைக்கு என்று தெரியாது. இல்லை என்றால் பேச்சு முடிந்தது. நிறையப் பேர் பதிலே போடமாட்டார்கள். அது திமிர் இல்லை, எங்கே தொடங்குவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

இதைப் பாருங்கள்:

‘வணக்கம் சேர். நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இந்த வருடம் கணக்கியல் முடித்தேன். நீங்களும் அங்கே படித்தவர், இப்போது ஆடைத் தொழிற்சாலையில் கிரயக் கணக்கீட்டுப் பிரிவில் இருக்கிறீர்கள் என்று பார்த்தேன். வரிப் பக்கம் போவதா, கிரயக் கணக்கீட்டுப் பக்கம் போவதா என்று யோசிக்கிறேன். உங்கள் பிரிவில் புதிதாகச் சேருபவருக்கு முதல் வருடம் என்ன வேலை தருவார்கள்? இரண்டு வரி எழுதினாலே போதும்.’

இதில் வேலை கேட்கவே இல்லை. அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அவரால் உடனே சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்கிறோம். தன் வேலையைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லாத ஆளை நான் இன்னும் காணவில்லை. பதில் வந்தால் அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். அதைவிட முக்கியம், அவர் சொன்னபடி எதையாவது செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து ‘நீங்கள் சொன்ன எக்செல் பாடத்தை முடித்துவிட்டேன் சேர்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். இதைச் செய்பவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அந்த ஒருவரின் பெயர் நினைவில் நிற்கும்.

யாரைத் தேடுவது என்றால், லிங்க்டினில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கத்துக்குப் போங்கள். அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். பொது மேலாளரை விட்டுவிடுங்கள். உங்களைவிட மூன்று நான்கு வருடம் முன்னால் போனவரைப் பிடியுங்கள். அவருக்கு வேலை தேடிய கதை இன்னும் மறந்திருக்காது. குறிப்போடு இணைப்புக் கோரிக்கை அனுப்பும் வாய்ப்பு இலவசக் கணக்கில் அளவோடுதான் கிடைக்கும், அதனால் ஆளைப் பார்த்து அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. பதில் போட்ட எல்லோரும் உதவ வருபவர்கள் இல்லை. இரண்டாவது செய்தியிலேயே போன் நம்பர் கேட்பவர், இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதுபவர், ‘வேலை விஷயமாக ஹோட்டலில் சந்திப்போம்’ என்பவர், யாராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உண்மையான ஆள் அலுவலகத்துக்கு, அலுவலக நேரத்தில் வரச் சொல்வார். தோழியையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு போனால் குறைவாக நினைக்கவும் மாட்டார். வீட்டில் கேட்டால் அந்தச் செய்தியைக் காட்டுங்கள். காட்ட முடியாத செய்தி என்றால் அதற்குப் பதில் எழுதவே தேவையில்லை.

சிவியைப் பொது இடங்களில் ஏற்றுபவர்கள் அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துவிடுங்கள். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கு நீங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். வயதும் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் அந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது. முகவரி, கிராம சேவகர் பிரிவு, அப்பாவின் தொழில் எல்லாம் முகம் தெரியாதவருக்கு எதற்கு? வேலை கொடுத்த பிறகு கேட்டால் கொடுக்கலாம்.

ஒலுவில் வெளிச்சவீடு

அக்கா எழுதிய செய்தியை அப்படியே சேமித்துவிட்டேன். எல்லோரும் அதையே நகல் எடுத்து அனுப்பினால் அந்த ஆடைத் தொழிற்சாலை மனிதர் பாவம்.

நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது அக்கரைப்பற்றில் வீட்டில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டு மென்பொருள் கம்பனிக்கு வேலை செய்கிறேன். எங்கள் துறையில் அறிமுகத்தைவிட வேலை முன்னால் போகும். கிட்ஹப்பில் (மென்பொருள் நிரல்களைப் பகிரும் தளம்) நாலு பேர் பார்க்கும்படி எழுதி வையுங்கள். திறந்த மூல மென்பொருள் ஒன்றில் பிழை கண்டால் சும்மா முறையிடாமல் திருத்தி அனுப்புங்கள். திருத்தத்தைப் பார்க்கும் ஆள் பெர்லினில் இருப்பார், பெங்களூரில் இருப்பார். நீங்கள் கொழும்பா ஒலுவிலா என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

கல்முனை நானா சொன்ன ஆய்வுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 2022இல் சயன்ஸ் இதழில் வந்தது. லிங்க்டினில் இரண்டு கோடி பேரின் ஐந்து வருடத் தரவை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை மாறுவதற்கு அதிகம் உதவியவர்கள் மிக நெருங்கியவர்கள் அல்ல, அடியோடு தெரியாதவர்களும் அல்ல, ஓரளவு தெரிந்தவர்கள். அதோடு, டிஜிட்டல் மயமான துறைகளில்தான் இந்த மெல்லிய அறிமுகம் பலன் தந்தது. மற்றத் துறைகளில் நெருங்கிய உறவுதான் கைகொடுத்தது. அதனால் மென்பொருள்காரன் சொல்வதை மேசனும் சமையல்காரரும் அப்படியே எடுக்க வேண்டாம்.

பாசிக்குடா சமையல்கட்டு

எடுக்கவே வேண்டாம். ஹோட்டல் வேலையில் லிங்க்டினை யார் பார்க்கிறார்கள்? எங்கள் தொழிலில் தலைமைச் சமையல்காரர் ஒரு ஹோட்டலை விட்டு இன்னொன்றுக்குப் போனால், பாதிச் சமையல்கட்டையும் கூட்டிக்கொண்டுதான் போவார். அவருக்குக் கீழே மிளகாய் வெட்டியவனுக்குத்தான் அழைப்பு வரும்.

கிழக்கில் சீசன் வருட நடுவில். பாசிக்குடா, அறுகம்குடா இரண்டும் அப்படித்தான். மாரி மழை தொடங்க இங்கே ஆள் குறையும், அதே நேரத்தில் பெந்தோட்டை, ஹிக்கடுவைப் பக்கம் சூடு பிடிக்கும். இரண்டு கரையிலும் ஆள் பழக்கம் உள்ளவனுக்கு வருடம் முழுக்க வேலை. இல்லாதவன் மழைக்காலத்தில் வீட்டில். அதனால் தெற்கிலிருந்து சீசனுக்கு வரும் பெடியன்களோடு பழகி நம்பரை வாங்கி வையுங்கள். ஹோட்டல் பாடநெறி செய்து என்விகியூ (தேசியத் தொழில் தகைமை) சான்றிதழ் வைத்திருப்பது நல்லது, சம்பளம் பேசும்போது உதவும். உள்ளே கூட்டிப் போவது அந்த நம்பர்தான்.

கசப்பு மருந்து

சரி, இது எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், சிங்களம் தெரியாதவன் பெந்தோட்டைப் பெடியனோடு எதைப் பேசிப் பழகுவான்?

அம்பாறைச் சந்தி

அதுதான் உண்மையான சிக்கல். நான் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவன். முதல் வருடம் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசை, முஸ்லிம் பிள்ளைகள் ஒரு மேசை, சிங்களப் பிள்ளைகள் ஒரு மேசை. ஆய்வுகூடத்தில் பதிவு எண் வரிசையில் கலந்து போட்டதால்தான் பேச்சே தொடங்கியது. இப்போது எனக்கு வரும் ஒப்பந்த வேலைகளில் அந்த ஆய்வுகூடக் கூட்டம் சொல்லி வருவதுதான் கூட. என் சிங்களம் இலக்கணமாக இருக்காது, ஆனால் விலை பேசவும் பகிடி விடவும் போதும். அரச சேவைக்குப் போகிறவர்கள் எப்படியும் இரண்டாம் மொழித் தேர்ச்சி காட்டத்தான் வேண்டும். பிறகு படிப்பதை இப்போதே படித்தால் ஆட்களும் சேர்வார்கள்.

காத்தான்குடி கடைக்காரன்

தமிழ், முஸ்லிம் கதையையும் கொஞ்சம் சொல்வோம். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஆனால் வேலைத் தகவல் போவதில்லை. எங்கள் கடைக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேடினால் எங்கள் பள்ளிவாசல் வட்டத்துக்குள்ளேயே தேடுவோம், அங்கே கோயில் வட்டத்துக்குள்ளே தேடுவார்கள். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை, கேட்பதற்கு ஆளைத் தெரியாது, அவ்வளவுதான். கடைசியில் எங்களுக்கு வந்து சேர்ந்த பிள்ளை செட்டிபாளையம். அனுப்பியவர் எங்களுக்குச் சாமான் தரும் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி. எல்லாக் கடைக்கும் ஏறி இறங்குபவர், யாருக்கு ஆள் தேவை என்று அவருக்குத்தான் தெரியும். வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர்களும் அப்படித்தான். இந்த மாதிரி ஆட்களைப் பழக்கம் பிடியுங்கள் பிள்ளைகளே, கோட் போட்டவரை மட்டும் பார்க்காதீர்கள்.

கிரான் பெடியன்

இடையில் ஒரு கேள்வி. லிங்க்டினில் தாய்லாந்தில் ‘தரவு உள்ளீட்டாளர்’ வேலை என்று ஒருவர் செய்தி அனுப்பினார். நல்ல சம்பளம், டிக்கெட்டும் அவர்களே போடுவார்களாம். விசிட் விசாவில் வந்தால் அங்கே மாற்றித் தருவார்களாம். நம்பலாமா?

கல்முனை கியூஎஸ்

தம்பி, வேண்டவே வேண்டாம். இப்படிப் போன இலங்கைப் பிள்ளைகள்தான் மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் சிக்கினார்கள். அரசாங்கம் தலையிட்டு மீட்க வேண்டி வந்தது. விசிட் விசாவில் வேலை என்றாலே அதோடு நிறுத்துங்கள். எந்த முகவராக இருந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், 1989க்கு அழைத்தால் சொல்வார்கள். அனுப்பியவரின் கணக்கையும் பாருங்கள். போன மாதம் தொடங்கிய கணக்கு, அழகான படம், கம்பனிப் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. ஒருவரையும் தெரியாத பிள்ளையைத்தான் அவர்களும் தேடுகிறார்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

வெற்றிலைக்கொடி (களுதாவளை)

எல்லோருக்கும் நன்றி. பயிலுநராக இருந்த இடத்தில் ஒரு கணக்கு எழுதுநர் அக்கா இருந்தார், எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவர் அவர்தான். பதவி சிறியது என்று நான் அவரை யோசிக்கவே இல்லை. அவரிடம் கேட்டேன், சந்தோசமாகச் சம்மதித்தார். சீனியர்கள் மூன்று பேருக்கு என் சொந்த வார்த்தையில் எழுதினேன். ஒருவர் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார்.

ஓடிட்டர் ஐயாவிடம் ஒன்று. மட்டக்களப்பில் உள்ள கணக்காய்வு அலுவலகங்களுக்கு நேரே போய்க் கேட்கலாமா? போனால் எப்போது போவது நல்லது?

கோட்டமுனை ஓடிட்டர்

தாராளமாகப் போகலாம். காலையில் பத்து மணிக்குப் பிறகு, சிவியோடு. ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். உரிமையாளர் இல்லாவிட்டால் முன்மேசையில் இருப்பவரிடம் மரியாதையாகப் பேசிவிட்டு வாருங்கள். நீங்கள் போன பிறகு ‘எப்படிப் பிள்ளை’ என்று நான் முதலில் கேட்பது அவரிடம்தான்.

காலம் என்றால், வருமான வரித் திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. அந்த மாதம் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது, பேச வந்தால் எரிச்சல்தான் வரும். ஒக்டோபர் தொடக்கத்தில் வந்து, ‘நவம்பர் முடியும் வரை வவுச்சர் பிரிக்க, பதிய உதவிக்கு ஆள் தேவையா’ என்று கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் நிரந்தரமாக இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படி நவம்பருக்கு வந்தவர்கள்தான். வரும்போது கல்குலேட்டரும் கொண்டு வாருங்கள், இங்கே இருப்பது போதாது.